முழங்கால் தண்ணீர்

உலகம் அழிந்த பிறகு மிஞ்சிய குடும்பமாக நடிக்க ஆள் வேண்டும் என்று தேன்மொழி பழவேற்காட்டு ஏரித் தீவான பசியாவரத்தில் வீடு வீடாகப் போய்க் கேட்டாள். யாரும் சம்மதிக்கவில்லை.

“கல்யாணம், காதுகுத்துன்னு எடு, ஊரே வந்து நிக்கும். அழிஞ்சி போறதுக்கு எங்கள ஏம்மா கூப்புடற? வெளக்கு வெக்கிற வீட்ல பேசற பேச்சா இது?” என்றாள் ராஜம்மா. சொல்லிவிட்டு, வெயிலில் வந்த பெண்ணாயிற்றே என்று குடிக்கத் தண்ணீரும் கொடுத்தாள்.

தேன்மொழி மீஞ்சூர்ப் பெண். சென்னையில் படம் எடுக்கப் படித்துவிட்டு, கல்யாண வீடியோ எடுத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். இது அவளுடைய முதல் குறும்படம். நடிகர்கள் வேண்டாம், உப்புக்காற்றில் வளர்ந்த முகங்கள்தான் வேண்டும் என்பது அவள் பிடிவாதம். கேமராவுக்கும் ஒலிப்பதிவுக்கும் இரண்டு நண்பர்களைக் கூட்டிக்கொண்டு, பழவேற்காட்டிலிருந்து படகேறி வந்திருந்தாள்.

கடைசியாக அவர்கள் ஹேமாவதி வீட்டுக்கு வந்தார்கள். அவள் வாசலில் உட்கார்ந்து இறால் உரித்துக்கொண்டிருந்தாள். அவள் கணவன் தனசேகர் பூவரச மரத்தடியில் ஏரியைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தான். வந்தவர்களை அவன் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

தேன்மொழி கதையைச் சொன்னாள். கடல் பொங்கி ஊர்களையெல்லாம் எடுத்துக்கொண்டு போய்விட்டது. அதன்பிறகு ஒரு நோய் வந்தது. ஏரியில் மீனெல்லாம் செத்து மிதந்தது. எங்கோ ஒரு மணல் திட்டில் ஓர் அப்பா, ஓர் அம்மா, ஒரு பெண் குழந்தை, மூன்று பேர் மட்டும் உயிரோடு இருக்கிறார்கள். ஒரு நீல டிரம்மில் கொஞ்சம் குடிதண்ணீர் இருக்கிறது. வேறு எதுவும் இல்லை, வேறு யாரும் இல்லை.

“வேணாம்மா, எங்களுக்கு இதெல்லாம் சரிப்படாது” என்று சொல்ல ஹேமாவதி வாயெடுத்தாள். அப்போது மரத்தடியிலிருந்து குரல் வந்தது.

“அப்புறம் அந்த ஆளு இன்னா பண்ணான்?”

கேட்டது தனசேகர். ஹேமாவதி இறாலைக் கீழே வைத்துவிட்டாள். அவன் வாயிலிருந்து ஒரு கேள்வி வந்து எத்தனையோ மாதமாகியிருந்தது.

ஐப்பசியில் நடந்தது அது. தனசேகரும் அவன் தம்பி தருமனும் முகத்துவாரத்தைத் தாண்டிக் கடலுக்குப் போனார்கள். திரும்பும்போது ஓர் அலை படகைப் புரட்டிப் போட்டது. இரண்டு பேரும் ஒரு காலி கேனைப் பிடித்துக்கொண்டு மிதந்தார்கள். தம்பியின் மணிக்கட்டைத் தனசேகர் பிடித்திருந்தான். இன்னோர் அலை வந்தபோது பிடி நழுவிவிட்டது. தனசேகரை வேறொரு படகில் வந்தவர்கள் தூக்கினார்கள். தருமன் மறுநாள் காட்டுப்பள்ளிப் பக்கம் கரை ஒதுங்கினான்.

அன்றிலிருந்து தனசேகர் தண்ணீரில் கால் வைக்கவில்லை. கொடுத்தால் சாப்பிடுவான், சொன்னால் படுப்பான். பொங்கலுக்கு முந்தின வாரம் ஒருநாள், சோற்றுத் தட்டைப் பார்த்துக்கொண்டே, “நான் இல்லன்னா நீங்க ரெண்டு பேரும் நிம்மதியா இருப்பீங்க” என்றான். சாதாரணமாகத்தான் சொன்னான். அதைக் கேட்ட நாளிலிருந்து ஹேமாவதி சரியாகத் தூங்கவில்லை. அவன் எழுந்தால் அவளும் எழுந்தாள். அவன் கொல்லைப்பக்கம் போனால், பாத்திரம் கழுவுகிற சாக்கில் அவளும் போனாள். யாரிடமும் அதைச் சொல்லவில்லை. சொன்னால் அது நடந்துவிடும் என்று ஒரு பயம்.

ஊர் அவர்களைக் கைவிடவில்லை. ஏரியில் வலை கட்டுகிற இடத்துக்குப் பாடு என்று பெயர். அதில் இன்று இவர், நாளை அவர் என்று ஊருக்குள் முறை உண்டு. தனசேகர் முறை வரும்போதெல்லாம் ஊரில் மூத்த மீனவரான சடையன் தன் ஆட்களோடு போய் வலை கட்டினார். பிடித்த இறாலையும் மீனையும் கூடையோடு கொண்டுவந்து ஹேமாவதி வாசலில் வைத்துவிட்டுப் போனார். காலையில் வேலை இல்லாத நாட்களில் பூவரச மரத்தடிக்கு வந்து, தனசேகர் பக்கத்தில் உட்கார்ந்து பீடி குடிப்பார். அவனும் பேச மாட்டான், இவரும் பேச மாட்டார். பீடி முடிந்ததும் எழுந்து போவார்.

அப்படியிருந்த ஆள்தான் இப்போது ஒரு கதையில் மேலே என்ன நடந்தது என்று கேட்டான்.

“முடிவ மட்டும் கடைசி நாள் சொல்றேண்ணா” என்றாள் தேன்மொழி. “முன்னாடியே தெரிஞ்சா மூஞ்சில வந்துடும்.”

“பேசணுமா?”

“அந்த அப்பாவுக்குப் பேச்சே கெடையாதுண்ணா.”

தனசேகர் மறுபடி ஏரிப்பக்கம் திரும்பிக்கொண்டான். அங்கே பார்த்தபடியே, “எடுக்கட்டும்” என்றான். உள்ளே படித்துக்கொண்டிருந்த மகள் வெண்ணிலா புத்தகத்தை வீசிவிட்டு ஓடிவந்தாள். நாலாம் வகுப்புப் படிக்கிறவள். “நைனா, நானும் நடிக்கணுமா? நானும்?” என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள்.

ராஜம்மாவுக்குக் கோபம்தான். ஆனாலும் படப்பிடிப்பு நாட்களில் எல்லாருக்கும் சேர்த்து அவள்தான் சோறு ஆக்கினாள்.

ஊருக்கு வடக்கே, ஏரிக்கு நடுவில் இருந்த மணல் திட்டில் படம் எடுத்தார்கள். பங்குனி மாதம், ஏரி வற்றிக்கொண்டிருந்தது. சடையன் தன் படகில் அவர்களைக் கூட்டிப் போனார். படகருகே வந்ததும் தனசேகர் நின்றுவிட்டான். வெண்ணிலா அவன் கையைப் பிடித்து இழுத்து ஏற்றிவிட்டாள். நடுவழியில் அவன் குனிந்து தண்ணீரில் விரலை வைத்துப் பார்த்தான். சடையன் அதைக் கவனித்தும் கவனிக்காததுபோல மோட்டாரின் வேகத்தைக் குறைத்தார்.

கிழிந்த தார்ப்பாயில் ஒரு குடிசை போட்டார்கள். மூன்று பேர் முகத்திலும் சாம்பலும் சேறும் பூசினார்கள். தன் முகத்தைக் கண்ணாடியில் பார்த்து வெண்ணிலா விழுந்து விழுந்து சிரித்தாள். கேமரா ஓடத் தொடங்கினால் மட்டும் கப்பென்று வாயை மூடிக்கொள்வாள்.

ஒரு காட்சியில், அப்பா கரையொதுங்கிய குப்பையைக் கிளறி ஒரு பிஸ்கட் பொட்டலத்தைக் கண்டெடுப்பார். அதில் மிச்சமிருப்பது இரண்டே பிஸ்கட். ஒன்றை மகளுக்கும் ஒன்றை மனைவிக்கும் கொடுத்துவிட்டு, காலித் தாளைத் தன் வாயில் கவிழ்த்துக்கொள்ள வேண்டும். தனசேகர் அதைச் செய்தான். தாளிலிருந்து விழுந்த தூளை நாக்கில் வாங்கிக்கொண்டு, மகள் தின்பதையே பார்த்துக்கொண்டிருந்தான். தேன்மொழி ‘கட்’ சொல்ல மறந்துபோனாள். கரையில் உட்கார்ந்திருந்த சடையன் துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டார்.

“இன்னாண்ணா, அழுவுறீங்களா?” என்று ஒலிப்பதிவு செய்கிற பையன் கேட்டான்.

“மண்ணு பூந்துடுச்சிப்பா.”

சாப்பாட்டு நேரத்தில் சடையனுக்கு ஒரு சந்தேகம். “ஏம்மா, உலகமே அழிஞ்சாலும் எங்க ஏரில நண்டு கெடைக்கும். அவங்க ஏன் பட்டினி கெடக்கறாங்க?”

“எல்லாம் செத்துப் போச்சின்னு வெச்சுக்குங்கண்ணா.”

“நண்டு கூடவா?”

“நண்டு கூடத்தான்.”

“அப்ப நெஜமாவே அழிஞ்சிதான் போச்சி” என்று சொல்லிவிட்டு, அவர் ராஜம்மா கொடுத்தனுப்பிய நண்டுக் குழம்பை இன்னும் கொஞ்சம் ஊற்றிக்கொண்டார். எல்லாரும் சிரித்தார்கள். தனசேகரின் உதடும் சிரிப்பில் கொஞ்சம் கோணியது. ஹேமாவதி அதைப் பார்த்தாள். இந்தப் பெண் எங்கிருந்தோ வந்தாளே, நல்லா இருக்கட்டும் என்று மனதுக்குள் சொல்லிக்கொண்டாள்.

கடைசி நாள் விடிகிற வெளிச்சத்தில் எடுக்க வேண்டும் என்று முன்னதாகவே திட்டுக்குப் போய்விட்டார்கள். மணலில் கோரைப்பாய் விரித்திருந்தது. தேன்மொழி மூன்று பேரையும் உட்காரவைத்து முடிவைச் சொன்னாள்.

“டிரம்ல தண்ணி தீரப் போவுது. மூணு பேருக்குக் காணாது. ரெண்டு பேர்னா இன்னும் கொஞ்ச நாள் தாங்கும். அதனால அப்பா, அவங்க ரெண்டு பேரும் தூங்கும்போது எழுந்து ஏரிக்குள்ள நடந்து போயிடறாரு. திரும்பிப் பாக்காம போறாரு. அதோட படம் முடியுது.”

ஹேமாவதி மகளைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டாள்.

“இந்த முடிவு வேணாம்மா” என்றாள்.

“ஏங்க்கா?”

தனசேகர் அருகிலேயே உட்கார்ந்திருந்தான். அவன் முன்னால் எதைச் சொல்வது? “எனக்கு நல்லா படல” என்று மட்டும் சொன்னாள்.

“அவங்கள வாழ வெக்கத்தானேக்கா போறாரு. அதுல ஒரு அன்பு இருக்குது இல்ல?”

அதற்குள் தனசேகர், “எடுக்கலாம்” என்று எழுந்துவிட்டான்.

அவளும் வெண்ணிலாவும் பாயில் படுத்தார்கள். ‘கட்’ சொல்கிற வரை கண்ணைத் திறக்கக்கூடாது என்று தேன்மொழி சொல்லியிருந்தாள். தூக்கம் கலைந்து எழுந்து வந்த வெண்ணிலா, படுத்ததும் உண்மையிலேயே தூங்கிப்போனாள். தனசேகர் மகளின் தலையைத் தடவினான். பிறகு அவன் கை ஹேமாவதியின் நெற்றியில் ஒரு கணம் பட்டது. கதையில் அப்படிச் செய்யச் சொன்னார்களா, அவனாகச் செய்தானா என்று அவளுக்குத் தெரியவில்லை. மணலில் காலடி கேட்டது. அதற்கப்புறம் தண்ணீரில் சளக் சளக் என்று கேட்டது.

அந்தச் சத்தம் தள்ளித் தள்ளிப் போனது. தேன்மொழி ‘கட்’ சொல்லவில்லை. ஹேமாவதி கண்ணை இறுக மூடிக்கொண்டு கிடந்தாள். இது படம்தான், இது படம்தான் என்று சொல்லிப் பார்த்தாள். சளக் சத்தம் நின்றுவிட்டதா, காதுக்கு எட்டவில்லையா என்று புரியாத கட்டம் வந்தபோது கண்ணைத் திறந்துவிட்டாள்.

அவன் வெகுதூரத்தில் போய்க்கொண்டிருந்தான். சாம்பல் நிற ஏரியில் ஒரு கறுப்புக் குச்சி போலத் தெரிந்தான். அப்போதுதான் தேன்மொழி “கட்” என்றாள். அவன் நிற்கவில்லை. “அண்ணா, போதும், வந்துடுங்க” என்று உரக்கக் கூப்பிட்டாள். அப்படியும் நிற்கவில்லை.

ஹேமாவதி எழுந்து ஓடினாள். புடவை தண்ணீரில் நனைந்து காலைச் சுற்றியது. இரண்டு கையாலும் தூக்கிப் பிடித்துக்கொண்டு ஓடினாள். பின்னால் சடையன் படகிலிருந்து குதிக்கும் சத்தம் கேட்டது. அவள் அவனைக் கூப்பிடவில்லை. கூப்பிட மூச்சு இல்லை. சேறு காலை இழுத்தது. ஒருமுறை விழுந்து எழுந்தாள். அவன் சட்டையின் முதுகு கைக்கெட்டியதும் கொத்தாகப் பிடித்து இழுத்தாள்.

அவன் ஏற்கெனவே நின்றிருந்தான்.

“கூப்ட்டாங்களே, காதுல விழல?”

“விழுந்திச்சி.”

“அப்புறம் இன்னாத்துக்கு நடந்த?”

அவன் குனிந்து தன் கால்களைப் பார்த்தான். தண்ணீர் அவன் முழங்காலுக்குக் கீழேயே இருந்தது.

“எவ்ளோ தூரம் போனாலும் முட்டிக்கு மேல ஏறல ஹேமா.”

அவளுக்கு அழுகையும் கோபமும் ஒன்றாக வந்தன. சட்டையை விடாமல் அவன் நெஞ்சில் ஒரு குத்து விட்டாள். அவன் வாங்கிக்கொண்டான்.

“திரும்பிடணும்னுதான் நெனச்சேன். காலு நிக்கல” என்றான். “தருமன் நெனப்பாவே போனேன். என் கைலதான இருந்தான் அவன். நல்லா புடிச்சிட்டுதான் இருந்தேன். வழுக்கிடுச்சி.” அத்தனை மாதமாக அவன் சொல்லாத சொல் அது. சொல்லத் தொடங்கியதும் நிறுத்த முடியாமல் சொன்னான். தம்பி கடைசியாக என்ன பேசினான், அவன் மணிக்கட்டில் கட்டியிருந்த கயிறு எப்படி உரசியது, எல்லாவற்றையும் சொன்னான். ஹேமாவதி கேட்டுக்கொண்டே நின்றாள். சடையன் கொஞ்ச தூரத்தில் வந்து, அவர்களுக்கு முதுகைக் காட்டியபடி நின்றுகொண்டார்.

அவன் பேசி ஓய்ந்த பிறகு ஹேமாவதி சொன்னாள்:

“அந்தக் கதைல அவன் போயிட்டா தண்ணி மிச்சமாவும்னு நெனக்கிறான். மிச்சமான தண்ணிய எவ குடிப்பா? எனக்குத் தொண்டைல எறங்குமா? உம் பொண்ணுக்கு எறங்குமா? இருக்கறது ஒரு வாயி தண்ணின்னா மூணு பேரும் நாக்க நனச்சிக்குவோம். நீ சும்மா உக்காந்திரு. வலை கட்ட வேணாம், பேச வேணாம். பக்கத்துல உக்காந்திரு, அது போதும்.”

அவன் முகத்தை அவள் தோளில் வைத்துக்கொண்டான். சாம்பலும் சேறும் அவள் ரவிக்கையில் ஒட்டின. “நீ ஓடியாற சத்தம் கேட்டுச்சி. அதான் நின்னேன்” என்றான்.

திட்டுக்குத் திரும்பினார்கள். வெண்ணிலா இன்னும் தூங்கிக்கொண்டிருந்தாள். தேன்மொழி அவள் பக்கத்தில் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். சடையன் பிளாஸ்கைத் திறந்து எல்லாருக்கும் டீ ஊற்றிக் கொடுத்தார். தனசேகர் டம்ளரை வாங்கிக்கொண்டு மகள் பக்கத்தில் போய் உட்கார்ந்ததும், ஹேமாவதி தேன்மொழியைத் தள்ளிக் கூட்டிப்போய் எல்லாவற்றையும் சொன்னாள். சோற்றுத் தட்டைப் பார்த்து அவன் சொன்னதையும் சொன்னாள். முதல்முறையாக இன்னோர் ஆளிடம் அதைச் சொல்கிறாள்.

தேன்மொழி அழுதுவிட்டாள். “தெரியாம பண்ணிட்டேங்க்கா. தெரிஞ்சிருந்தா இந்த முடிவ எழுதியிருக்கவே மாட்டேன்.”

“நீ எழுதினதாலதான் அவரு வாயத் தொறந்தாரு. நான் எத்தன மாசமா கண்ணு மூடாம காவல் காத்தேன் தெரியுமா? அழாதம்மா.”

தேன்மொழியின் சித்தி பொன்னேரியில் ஓர் ஆஸ்பத்திரியில் நர்ஸ். தேன்மொழி அங்கேயே அவளுக்குப் போன் செய்தாள். இதற்கென்று ஒரு டாக்டரம்மா வாரத்துக்கு ஒருநாள் வருவார் என்றும், பயப்படாமல் கூட்டிக்கொண்டு வரவேண்டும் என்றும், அதுவரை தனசேகரைத் தனியாக விடக்கூடாது என்றும் சித்தி சொன்னாள். சடையன் அதைக் கேட்டுவிட்டு, “தனியா ஏன் வுடறோம்? கூட நாங்க இருக்கோம்” என்றார்.

கேமரா அந்த நேரமெல்லாம் ஓடிக்கொண்டிருந்தது அப்புறம்தான் தெரிந்தது. கேமராவைப் பிடித்திருந்த பையனுக்கு நிறுத்தத் தோன்றவில்லை. தேன்மொழி தனசேகரிடம் போய், “இது நான் எழுதினது இல்லண்ணா. உங்களோடது. அழிக்கச் சொன்னா இப்பவே அழிச்சிடறேன்” என்றாள். அவன் காட்டச் சொன்னான். சின்னத் திரையில், பேச்சுச் சத்தம் எதுவும் இல்லாமல், ஒருவன் தண்ணீரில் நடந்து போகிறான். ஒருத்தி விழுந்து எழுந்து ஓடுகிறாள். இரண்டு பேரும் ஏரி நடுவில் வெகுநேரம் நிற்கிறார்கள். பிறகு திரும்பி நடந்து வருகிறார்கள். தனசேகர் இரண்டு தடவை பார்த்தான்.

“நீ ஓடறத நான் பாக்கலையே” என்று ஹேமாவதியிடம் சொன்னான். தேன்மொழியிடம், “இருக்கட்டும்மா, வெச்சுக்க” என்றான்.

பொன்னேரிக்குப் போனார்கள். டாக்டரம்மா தனசேகரை நிறையப் பேசவிட்டார், மாத்திரை கொடுத்தார். முதல் தடவை திரும்பி வரும்போது பஸ்ஸிலேயே தூங்கிப்போனான். உடனே எல்லாம் சரியாகிவிடவில்லை. சில நாள் மறுபடி மரத்தடியிலேயே உட்கார்ந்திருப்பான். ஆனால் “இன்னிக்கு முடியல ஹேமா” என்று சொல்லக் கற்றுக்கொண்டான். அப்படிச் சொல்கிற நாளில் அவள் வேலையைப் போட்டுவிட்டுப் பக்கத்தில் வந்து உட்காருவாள். ஆனி மாதத்தில் ஒருநாள் சடையன் படகில் ஏறி, தன் முறைக்குத் தானே வலை கட்டப் போனான்.

படம் முடிந்ததும் முதலில் பசியாவரத்தில்தான் காட்டுவேன் என்று தேன்மொழி ஒரு சாயங்காலம் வந்து, புயல் பாதுகாப்பு மையத்துச் சுவரில் வெள்ளைத் துணி கட்டினாள். இருட்டத் தொடங்கியதும் ஊரே வந்து மணலில் உட்கார்ந்தது. மாட்டேன் என்று சொன்ன வீட்டுக்காரர்கள்தான் முன்வரிசை. சுவரில் உலகம் அழிந்தது. பிஸ்கட் தாள் காட்சியில் பெண்கள் உச்சுக் கொட்டினார்கள். கடைசிக் காட்சியில், ஹேமாவதி ஓடி விழுந்தபோது, “எந்திரிடி, எந்திரி” என்று ராஜம்மா தன்னை மறந்து சொன்னாள்.

படம் முடிந்து எழுத்து ஓடியது. ‘நன்றி’ என்று போட்டு யார் யார் பெயரைப் போடலாம் என்று தேன்மொழி முன்பே தனசேகரிடம் கேட்டிருந்தாள். யோசித்து யோசித்துச் சொல்லியிருந்தான். சடையன், வலை கட்டப் போன மற்ற ஆட்கள், ராஜம்மா, பொன்னேரி நர்ஸம்மா, அன்று கடலில் அவனைத் தூக்கிய படகுக்காரர்கள் என்று ஒவ்வொரு பெயராக ஏறியது. ஒவ்வொரு பெயருக்கும் பிள்ளைகள் கத்தினார்கள். ‘தம்பி தருமனுக்கு’ என்று கடைசியாக வந்தபோது யாரும் கத்தவில்லை. 

“அடுத்த படத்துல எனக்கு ஒரு வேஷம் குடுமா, சாவற வேஷம் வேணாம்” என்று சடையன் கேட்டார். ராஜம்மா தேன்மொழியைச் சாப்பிடாமல் போகக்கூடாது என்று கையைப் பிடித்து இழுத்துப் போனாள்.

மடியில் தூங்கிவிட்ட வெண்ணிலாவைத் தனசேகர் தோளில் போட்டுக்கொண்டு எழுந்தான். ஹேமாவதி பாயைச் சுருட்டினாள்.

“நாளைக்குப் பொன்னேரி போவணும் இல்ல?” என்றான். “மொத பஸ்ஸு புடிக்கணும். நீ சீக்கிரம் படு. நான் எழுப்பறேன்.”

அன்று இரவு அவள் படுத்ததும் தூங்கிப்போனாள். காலையில் அவன்தான் எழுப்ப வேண்டியிருந்தது.